ஏரிக்கரைக் கோப்பின் குறிப்புப் பக்கம்

1996 மார்ச் 4, திங்கட்கிழமை, காலை பத்து ஐம்பது. மேகம் இல்லை, காற்றும் இல்லை. மார்ச் தொடக்கத்துக்கு வெயில் கொஞ்சம் அதிகம். கருங்குழிக்குக் கிழக்கே ஓர் ஏரிக்கரைப் புறம்போக்கில் நின்று குடிசைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பதினொன்று. ஒரு முறை எண்ணினால் எனக்குப் போதாது. வடக்கிலிருந்து ஒரு முறை எண்ணினேன், பிறகு தெற்கிலிருந்து ஒரு முறை. இரண்டு தடவையும் பதினொன்றுதான்.

நான் அப்போது ஒரு வருவாய் அலுவலகத்தில் உதவியாளர். அந்தப் பதினோரு குடிசையிலும் இருந்த இருளர் குடும்பங்கள் மனைப்பட்டா கேட்டு மனுப் போட்டிருந்தன. நேரில் பார்த்து அறிக்கை தரவேண்டியது என் வேலை. எங்கள் பிரிவில் ஆறு பேர் இருந்தோம். நாற்காலியை விட்டு எழாமலே 'நேரில் பார்வையிடப்பட்டது' என்று எழுதுகிறவர்கள் ஐந்து பேர். உண்மையிலேயே போகிறவன் நான் ஒருவன். அதில் எனக்குப் பெருமை இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

உடன் வந்த கிராம நிர்வாக அலுவலர் மதுரைப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. சைக்கிளை வேப்பமரத்தில் சாய்த்துவிட்டு அதன் நிழலிலேயே நின்றுகொண்டார்.

"யாருமே இல்லைங்க சார். காலி பண்ணிட்டுப் போயிட்டாய்ங்க போல."

"பாத்திரம் பண்டம் எல்லாம் இருக்கே?"

"ஓட்டைச் சட்டி சார். அதை யார் தூக்கிட்டுப் போவா?"

அடுப்புகள் ஒன்பது. மூன்றில் சாம்பல் வெளுப்பாகவும் கலையாமலும் இருந்தது; ஒன்றிரண்டு நாளுக்கு மேல் ஆகியிருக்காது. நான்கு நாய்கள் எங்களைப் பார்த்துக் குரைத்தன. மனுதாரர் எண்ணிக்கை, குடிசை எண்ணிக்கை, குடியிருப்போர் எண்ணிக்கை என்று படிவத்தில் மூன்று கட்டங்கள் உண்டு. நாய்க்கும் சாம்பலுக்கும் கட்டம் இல்லை. மூன்றாவது கட்டத்தில் பூஜ்யம் எழுதினேன்.

மூன்றரை மணிக்கு அலுவலகத்தில் குறிப்பு எழுதினேன். அரசுக் கோப்பில் இரண்டு பகுதி உண்டு. மனு, கடிதம், உத்தரவு எல்லாம் ஒரு பக்கம். அந்த உத்தரவை ஏன் போட வேண்டும் என்று கீழிருந்து மேல்வரை அவரவர் எழுதிக் கையெழுத்திடும் குறிப்புகள் இன்னொரு பக்கம். மனுக் கொடுத்தவருக்கு உத்தரவு மட்டும் போகும். குறிப்புப் பக்கத்தை அவர் ஒருபோதும் பார்க்க மாட்டார். 'இன்று முற்பகல் நேரில் பார்வையிட்டதில் பதினோரு குடிசைகளும் ஆளின்றிக் காணப்பட்டன. மனுதாரர்கள் அவ்விடத்தில் நிரந்தரமாகக் குடியிருக்கவில்லை எனத் தெரிகிறது.' கீழே தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். நான்கு மணிக்குக் கோப்பு மேலே போய்விட்டது. ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

கிளம்பியதற்குக் காரணம், அன்று மாசி மகம். என் மனைவியின் தம்பி கல்பாக்கத்தில் அணுசக்திக் குடியிருப்பில் இருந்தான். எல்லோருமாக மாமல்லபுரம் கடலுக்குப் போவதாக ஏற்பாடு. அன்று மகம் என்று எனக்குக் காலையிலேயே தெரியும். சாயங்காலம் சீக்கிரம் வரச்சொல்லி மனைவி இரண்டு தடவை நினைவூட்டியிருந்தாள். அதற்குத் தலையாட்டிவிட்டுத்தான் ஏரிக்கரைக்குப் போயிருந்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

கடற்கரையில் ஆறே கால் மணிக்கு இன்னும் வெளிச்சம் இருந்தது. கோயிலுக்குத் தெற்கே மணல் முழுக்க இருளர்கள். புடவையைக் கட்டிச் சின்னச் சின்னச் சதுரங்களாகத் தடுத்து, உள்ளே சமைத்துக்கொண்டும் குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டும் இருந்தார்கள். மகத்துக்கு எங்கெங்கோ இருக்கிற இருளர் குடும்பங்களெல்லாம் இங்கே வந்து தங்கி, விடியலில் கடலோரம் கன்னியம்மாளைக் கும்பிட்டு, பெண் பார்த்துக் கல்யாணம் பேசி, அப்புறம்தான் திரும்பும். இந்தப் பக்கத்தில் பிறந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். எண்ணத் தொடங்கினேன். நூற்று நாற்பதில் விட்டுவிட்டேன்.

பீடி பற்றவைத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் எந்த ஊர் என்று கேட்டேன்.

"கருங்குழியாண்ட சாரு. ஏரிக்கரை."

"எத்தனை பேர் வந்திருக்கீங்க?"

"அத்தினி பேரும்தான். பதினோரு வூடும் வந்துகீது. நாயிங்களதான் காவலுக்கு வுட்டுட்டு வந்தோம்." சிரித்தார். "மூணு நாளு சாரு. ஆத்தா கூப்ட்டா வூட்ல குந்திகினு இருக்க முடியுமா?"

மனைவி கூப்பிட்டாள். போய்க் காலை நனைத்துக்கொண்டேன்.

மறுநாள் செய்திருக்க வேண்டியது ஒரே ஒரு காரியம். அதே குறிப்புக்குக் கீழே, 'நேற்று மாசி மகமானதால் மனுதாரர்கள் மாமல்லபுரம் சென்றிருந்தனர். மீண்டும் நேரில் பார்வையிட அனுமதி வேண்டும்' என்று எழுத வேண்டும். பதினோரு வார்த்தை. ஆனால் கோப்பு அதிகாரி மேசைக்குப் போய்விட்டது. அதைத் திரும்ப வாங்க வேண்டுமானால் உள்ளே போய் நின்று, மகத்தன்று இருளர் குடிசைக்கு ஆள் எண்ணப் போனேன் என்று சொல்ல வேண்டும். பிரிவில் மீதி ஐந்து பேரும் ஓய்வு பெறும் வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். மறுபடி மனுப் போடுவார்கள், அப்போது சரியாக எழுதிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். நான் வேலையில் இருந்தவரை அவர்கள் போடவில்லை. மனு தள்ளுபடியானது. 2001-இல் நான் ஓய்வு பெற்றேன்.

தகவல் கேட்கும் உரிமைக்கு எங்கள் மாநிலம் 1997-லேயே ஒரு சட்டம் கொண்டுவந்தது. கொடுக்காமல் இருப்பதற்கு அதில் இருபதுக்கும் மேற்பட்ட காரணங்கள் இருந்ததால் அலுவலகத்தில் யாரும் அதைக் கண்டு பயப்படவில்லை. 2005-இல் வந்த புதிய சட்டம் அப்படியில்லை. ஐம்பது ரூபாய் கட்டினால் கோப்பையே உட்கார்ந்து பார்க்கலாம், குறிப்புப் பக்கம் உட்பட. அதன் பிறகு பழைய சகாக்கள் நடைப்பயிற்சியில் சந்தித்தால் பேச்சு இதுதான். மறு வருடம் ஆடி மாதத்தில் ஒரு செய்தி வந்தது: சட்டத்தைத் திருத்தப் போகிறார்கள், குறிப்புப் பக்கத்தைக் காட்ட வேண்டியதில்லை என்று ஆக்கப் போகிறார்கள். மாநில விதிகளும் கூடவே மாறிவிடும் என்று எங்கள் வட்டாரத்தில் பேசிக்கொண்டார்கள். குறிப்பு வெளியே போகும் என்றால் அலுவலர்கள் அச்சமின்றிக் கருத்து எழுத மாட்டார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். நான் அச்சமின்றி எழுதியவன்தான். யாரும் பார்க்கப் போவதில்லை என்ற தைரியத்தில் எழுதியது. அந்தச் செய்தியை நான்கு முறை படித்தேன். ஏன் இத்தனை தடவை என்று அப்போது என்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த வாரம்தான் அவள் வந்தாள். எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் காலிமனையில் முள் வெட்டக் கூலிக்கு வந்தவள். நாற்பது வயது இருக்கும். என் மனைவியிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தபோது பேச்சு வளர்ந்திருக்கிறது. நான் மின்கட்டண அட்டையில் பழைய யூனிட்டுகளைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

"யம்மா, உங்க வூட்டு சாரு ஆபீசு ஆளாமே? ஒரு மனு எழுதித் தரச் சொல்லேன்."

"சொல்றேன். அவர் எண்ணி முடிக்கட்டும். எண்ணி எண்ணியே பாதி ஆயுசு போச்சு அவருக்கு."

முந்தானையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தாள். ஏரிக்கரை என்ற சொல்லைப் பார்த்ததும் மற்றதைப் படிக்க வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் படித்தேன். பத்து ஆண்டு தொடர்ந்து குடியிருந்தவர்களுக்குப் பட்டா தரலாம் என்று அரசு உத்தரவு இருந்ததால் இவர்கள் மீண்டும் கேட்டிருக்கிறார்கள். 1996-ஆம் ஆண்டு விசாரணையில் அங்குக் குடியிருப்பு இல்லை என அறியப்பட்டுள்ளதால் தகுதி இல்லை, ஆக்கிரமிப்பு அகற்றப்படும். தேதி எதுவும் இல்லை. ஆண்டு மட்டும்தான்.

"ஆளே இல்லன்னு எழுதிகிறாங்களாமே சாரு. அப்ப நாங்க இன்னா, பேயா? என் பெரிய பொண்ணு அந்த வூட்லதான் பொறந்துச்சு. இப்ப அதுக்குப் பதிமூணு."

"யாராவது நேர்ல வந்து பாத்திருப்பாங்க..."

"எந்தக் கஸ்மாலமும் வரல. வந்திருந்தா எங்களப் பாத்திருப்பானே? பேனு காத்துல குந்திகினு எழுதிட்டான், அவன் கை வௌங்குமா? சொல்லு நைனா."

என் மனைவி சிரித்துவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஆனால் முதலில் வந்தது கோபம்தான். நான் போனேன். வெயிலில் நின்று இரண்டு தடவை எண்ணினேன். மற்ற ஐவரோடு என்னைச் சேர்ப்பதா?

அவள் கேட்டது சரியான கேள்வி. யார் வந்தது, எந்த நாள் வந்தது என்பது குறிப்புப் பக்கத்தில் மட்டும்தான் இருக்கிறது. அந்தத் தேதி கையில் கிடைத்தால் பஞ்சாங்கத்தைப் புரட்டி மகம் என்று காட்டிவிடலாம்; குடிசைகள் நிற்கும். கிடைக்காவிட்டால் போகும். மனுவில் 'குறிப்புகளைப் பார்வையிட அனுமதி வேண்டும்' என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

நான் 'உத்தரவின் நகல் வேண்டும்' என்று மட்டும் எழுதினேன்.

என்ன பயம் என்று கேட்டால் ஓய்வூதியம் என்பேன். ஆனால் நான்கு ஆண்டுக்கு மேல் பழைய சம்பவத்துக்காக ஓய்வு பெற்றவர்மீது புதிதாக நடவடிக்கை தொடங்க முடியாது என்ற விதியை நானே பல பேருக்கு விளக்கியிருக்கிறேன். தெரிந்தும் பயந்தேன். மனுவுக்குப் பதில் வர முப்பது நாள். அதற்குள் திருத்தம் வந்துவிடலாம். அந்த வகைக் கோப்பைப் பத்து ஆண்டு வைத்திருந்துவிட்டு அழிப்பார்கள். அதற்கும் சில மாதங்களே இருந்தன. இப்படியெல்லாம் என் மனம் கணக்குப் போட்டது.

எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னாள். படித்தேன். "நல்லாக்கீது" என்று சொல்லிக் கைநாட்டு வைத்தாள். பதில் வந்து சேர அவளுக்கு முகவரி கிடையாது என்பதால் என் வீட்டு முகவரியைப் போட்டோம். முந்தானை முடிச்சிலிருந்து ஐம்பது ரூபாய் எடுத்து நீட்டினாள். நான் வாங்கவில்லை. முத்திரை வில்லை ஐம்பது, பதிவுத் தபால் இருபத்தைந்து, அவள் காகிதத்துக்கு நகல் இரண்டு ரூபாய் எல்லாம் நானே போட்டேன். காசு வாங்காத மனுஷன் என்று அவள் ஏரிக்கரை முழுக்கச் சொல்லியிருக்கிறாள்.

அந்த முப்பது நாளில் திருத்தத்தை எதிர்த்து ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்கள். செங்கல்பட்டுப் பேருந்து நிலையத்தருகே பதினேழு பேர் அட்டை பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிப் போனேன். பிறகு திருத்தம் இப்போதைக்கு இல்லை என்று செய்தி வந்தது. எல்லா இடத்திலும் ஆட்கள் மகிழ்ந்திருப்பார்கள். நான் அந்தச் செய்தியை ஒரு முறைக்கு மேல் படிக்கவில்லை.

இருபத்தொன்பதாம் நாள் பதில் வந்தது. உத்தரவின் நகல், இரண்டு பக்கம், நான்கு ரூபாய்.

"படி சாரு."

படித்தேன்.

"இத்ததான் மொதல்லயே குடுத்தாங்களே? யாரு வந்தான், என்னிக்கு வந்தான்னு இதுல இல்லியே?"

"அது வேற பக்கத்துல இருக்கும்."

"அத்தக் கேளேன், உனக்குப் புண்ணியமாப் போவும்."

இந்த முறை கேட்டேன். எழுத மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். ஒரு வரி எழுத மூன்று நாள். மறுபடி ஐம்பது, மறுபடி இருபத்தைந்து. அனுப்பிய பதினாறாம் நாள் ஏரிக்கரைக்கு இயந்திரம் வந்தது. காலை பத்து மணிக்குத் தொடங்கிப் பன்னிரண்டுக்குள் முடிந்துவிட்டதாம். கேள்விப்பட்டதும் கணக்குப் போட்டேன். முதல் மனுவிலேயே அந்த வரி இருந்திருந்தால், பதில் வந்த நாளுக்கும் இயந்திரம் வந்த நாளுக்கும் இடையில் பத்தொன்பது நாள் இருந்திருக்கும். பத்தொன்பது நாளில் தடை உத்தரவு கிடைத்திருக்குமா, தெரியாது. அதற்கும் குறைவான நாளில் வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

கோப்பைப் பார்வையிட அனுமதி இருபத்தெட்டாம் நாள் வந்தது. பேருந்தில் போனேன், போக ஒன்பது, வர ஒன்பது. பதில் கேட்டு வீட்டுக்கு வந்தவளிடம் மனைவி நாளைச் சொல்லியிருந்தாள்; அவள் அலுவலக வாசலில் குந்தியிருந்தாள். குடிசைகள் போன பிறகும் வந்திருந்தாள்.

"எங்க இருக்கே இப்ப?"

"ரோட்டு மோரிக்குக் கீழ. நாலு வூட்டுக்காரங்க அரிசி மில்லுல அட்வான்சு வாங்கிகினு பூட்டாங்க. அந்தக் கடன அடைக்காம அவங்க எங்க வெளிய வர்றது?"

தகவல் அலுவலர் ஒரு காலத்தில் என் பிரிவில் எனக்குக் கீழே இருந்தவர். எழுந்து நின்று நாற்காலி போட்டார். முதல் ஒரு மணி நேரம் கட்டணம் இல்லை, அதற்கு மேல் கால் மணிக்கு ஐந்து ரூபாய் என்று விதியைச் சொல்லிச் சிரித்தார். கோப்பைத் திறந்து குறிப்புப் பக்கத்தின் இரண்டாம் தாளுக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. என்னைப் பார்த்தார்.

"சார்... இது..."

"படிங்க. அவங்களுக்குக் கேக்கற மாதிரி படிங்க."

படித்தார். நான்கு மார்ச், தொண்ணூற்றாறு.

"அது நம்ம மாசத்துல எப்போ?" என்று அவள் கேட்டாள்.

அவர் நாட்காட்டியைத் தேடினார். "மாசி மகம்" என்றேன்.

அவள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். "அடப் பாவி! மகத்தன்னிக்கா வந்தான்? அன்னிக்கு எவன் இருப்பான் அங்க? ஒரு ஆளக் கேட்டிருந்தா சொல்லியிருப்பானே!"

"நான்தான் வந்தேன்."

அவளுக்கு உடனே பிடிபடவில்லை. திரும்பச் சொன்னேன். அன்று சாயங்காலமே கடற்கரையில் தெரிந்துவிட்டது என்பதையும் சொன்னேன். தகவல் அலுவலர் எழுந்து வெளியே போய்விட்டார்.

"அப்ப மொத மனு எழுதச்சொல்லவே உனக்குத் தெரியும்?"

"தெரியும்."

"அன்னிக்கு ஆளு இல்லன்னு எழுதினது தெரியாம எழுதின. மனுவத் தெரிஞ்சு எழுதின."

அதன் பிறகு அவள் என்னை நைனா என்றும் கூப்பிடவில்லை, சாரு என்றும் கூப்பிடவில்லை. குறிப்புப் பக்கம் ஒன்பது தாளுக்கும் நகல் வரும்வரை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். எழுந்தபோது ஒரு மணி நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. பதினைந்து ரூபாய். நகல் பதினெட்டு. தாள்களை இரண்டாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் படியிறங்கிப் போனாள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அன்னைக்குக் கடற்கரையில நானும்தானே கூட நின்னேன், ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள். அவள் என்னைத் திட்டாததை அன்று நான் விரும்பவில்லை.

நான் எண்ணிய நாள் மகம் என்றும், மனுதாரர்கள் அங்கேயே குடியிருந்தார்கள் என்பது எனக்கு அன்றே தெரியும் என்றும் உறுதிமொழிப் பத்திரம் எழுதினேன். முத்திரைத்தாள் இருபது, வழக்கறிஞர் சான்றொப்பம் ஐம்பது. அதை வைத்து அவர்கள் சார்பில் மேல்முறையீடு அனுப்பினேன்; தபால் இருபத்தைந்து. அனுப்பும் முன் அவள் ஒப்புதலைக் கேட்க அவளைத் தேடிக் கருங்குழிக்கு இரண்டு முறை போனேன், ஒவ்வொரு முறையும் பதினாறு ரூபாய். சாலை மோரிப் பாலத்தின் கீழே யாரும் இல்லை. பக்கத்துக் கடைக்காரர், "மழை வரச்சொல்ல அவங்க எங்க இங்க இருப்பாங்க? மில்லுக்குப் பூட்டாங்களோ இன்னாவோ" என்றார். எந்த மில் என்று அவருக்குத் தெரியவில்லை.

மேல்முறையீட்டுக்குப் பதில் தை மாதம் என் முகவரிக்கே வந்தது. 1996-ஆம் ஆண்டு விசாரணையில் குறை இருப்பது ஏற்கப்படுகிறது. எனினும் தற்போது நேரில் பார்வையிட்டதில் குறிப்பிட்ட இடத்தில் எவரும் குடியிருக்காததால் மேல் நடவடிக்கைக்கு முகாந்திரம் இல்லை. கீழே தேதி இருந்தது. அது சாதாரண வேலைநாள்தான், பஞ்சாங்கத்தில் பார்த்துவிட்டேன்.

அந்த உறையை அவளிடம் சேர்க்க எனக்கு வழியில்லை. காலிமனைக்கு இப்போது சுற்றுச்சுவர் வந்துவிட்டது. முள் வெட்ட ஆள் வருவதில்லை. பதினோரு குடும்பம் இடத்தை இழந்தது. என் ஓய்வூதியத்தில் ஒரு காசு குறையவில்லை. யாரும் என்னைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்கவில்லை. வில்லை, தபால், நகல், பார்வையிடும் கட்டணம், பத்திரம், பேருந்து என எல்லாவற்றையும் மேலிருந்து ஒரு முறை, கீழிருந்து ஒரு முறை கூட்டிப் பார்த்தேன். எனக்கு ஆன செலவு முந்நூற்று முப்பத்து நான்கு ரூபாய்.